மருந்துக் கணக்கு ஒரு பக்கம், நோயாளிக் கணக்கு ஒரு பக்கம்

2021 மே மாதக் கடைசி. கொரோனா இரண்டாம் அலை, எல்லா ஊரிலும் தடுப்பூசித் தட்டுப்பாடு. அந்த நேரத்தில் எந்த மாநிலம் எவ்வளவு தடுப்பூசியை வீணாக்குகிறது என்று மத்திய சுகாதார அமைச்சகம் ஒரு கணக்கை வெளியிட்டது. ஜார்க்கண்ட் 37.3 விழுக்காடு, சத்தீஸ்கர் 30.2, தமிழ்நாடு 15.5 என்று அதில் இருந்தது. ஜார்க்கண்ட் அரசு உடனே மறுத்தது. எங்கள் கையிருப்பை வைத்துப் பார்த்தால் வீணானது 4.65 விழுக்காடுதான், தொழில்நுட்பச் சிக்கலால் தடுப்பூசிப் பதிவுக்கான கோவின் தளத்தில் எல்லாவற்றையும் ஏற்ற முடியவில்லை என்றது. சத்தீஸ்கரும் இந்தக் கணக்கை ஏற்கவில்லை.

37 எங்கே, 4 எங்கே! யாரோ ஒருவர் பொய் சொல்கிறார் என்றுதான் தோன்றும். ஆனால் யாரும் பொய் சொல்லாமலே இப்படி ஓர் இடைவெளி வந்துவிடும். வீணான டோஸ்களை யாரும் பெரும்பாலும் நேராக எண்ணுவதில்லை. கிடங்கிலிருந்து போன குப்பிகள் ஒரு கணக்கில் இருக்கும், போடப்பட்ட ஊசிகள் இன்னொரு கணக்கில் இருக்கும். முதல் கணக்கில் இரண்டாவதைக் கழித்தால் வரும் மிச்சத்துக்கு ‘வீண்’ என்று பெயர். ஊசியைப் போட்டுவிட்டுப் பதிவேற்றாமல் விட்டாலும் அது வீண். ஆரம்ப சுகாதார நிலையத்து ஃபிரிட்ஜில் குப்பி பத்திரமாக இருந்து, அது மேலிடத்துக்குத் தெரியாமல் போனாலும் வீண்தான்.

இந்தியாவின் அரசு மருத்துவத்தில் இந்த இரண்டு கணக்குகளும் தனித்தனியே பிறந்து, தனித்தனியே வளர்ந்தவை. மருந்து எங்கே எவ்வளவு இருக்கிறது என்பதைப் பார்ப்பவர்கள் ஒரு பக்கம். யாருக்கு என்ன நோய், என்ன சிகிச்சை என்பதைப் பார்ப்பவர்கள் இன்னொரு பக்கம். இரண்டையும் தேசிய அளவில் ஒரே கட்டமைப்புக்குள் கொண்டுவர வேண்டும் என்று கருத்தரங்குதோறும் பேசுகிறார்கள். நான் புரிந்துகொண்டவரை, அது மென்பொருள் வேலை போலத் தெரிகிற, ஆனால் முக்கால்வாசி பட்டியல் வேலை.

கிடங்கு வரை வந்த கணக்கு

மருந்துப் பக்கத்தில் தமிழ்நாடு முன்னோடி. 90களின் தொடக்கத்தில் மருந்துக் கொள்முதலில் நடந்த முறைகேடுகள் பெரிதாக வெளிவந்த பிறகு, 1994 ஜூலையில் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் பதிவு செய்யப்பட்டது. அதை உருவாக்கியதில் ஐ.ஏ.எஸ். அதிகாரி ஆர். பூரணலிங்கத்தின் பங்கு பெரிது. ஒவ்வொரு மருத்துவமனையும் தனியாக வாங்கிக்கொண்டிருந்ததை நிறுத்தி, மாநிலம் முழுமைக்கும் ஒரே டெண்டர், மாவட்டக் கிடங்குகள், கம்பெனி பெயரை மறைத்து ஆய்வகத்துக்கு அனுப்பப்படும் பேட்ச் (ஒரே முறையில் தயாரான தொகுதி) மாதிரிகள் என்று ஒரு முறை வந்தது. எந்தக் கிடங்கில் எவ்வளவு இருப்பு என்பதை, இணையம் பரவலாவதற்கு முன்பே, தலைமையகத்தில் கணினியில் பார்த்தார்கள். கேரளமும் ராஜஸ்தானும் பிற்பாடு இதே வழியில் கழகங்கள் தொடங்கின.

அந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்தது பாஸ்புக். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஆண்டுக்கு இத்தனை ரூபாய்க்கு மருந்து எடுக்கலாம் என்று வரம்பு உண்டு. கிடங்குக்குப் போய் மருந்து எடுக்க எடுக்க, பாஸ்புக்கில் தொகை கழியும். மேலிருந்து தள்ளிவிடுவதை வாங்கிக்கொள்ளாமல், தனக்கு என்ன வேண்டும் என்பதை மருத்துவமனையே முடிவு செய்யலாம். எளிமையான யோசனைதான், ஆனால் அந்தக் காலத்தில் அது பெரிய மாற்றம்.

ஆனால் இந்தக் கணக்கு மருத்துவமனை வாசலில் முடிந்துவிடும். மருந்து கிடங்கை விட்டுப் போய்விட்டால் ‘வழங்கப்பட்டது’. ஸ்டோர் அறையிலிருந்து நோயாளியின் கை வரை நடப்பதெல்லாம் மருந்தாளுநரின் ஸ்டாக் ரிஜிஸ்டரில் இருக்கும். மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் உருவாக்கி இப்போது பல மாநிலங்கள் பயன்படுத்தும் இ-ஔஷதி போன்ற மென்பொருள்கள் இந்தக் கணக்கைக் கீழ்நிலை மருத்துவமனை வரை கொண்டுபோகப் பார்க்கின்றன. ஆனாலும் பெரும்பாலான இடங்களில் ‘இவ்வளவு அனுப்பினோம்’ என்பதையே ‘இவ்வளவு தேவைப்பட்டது’ என்று எடுத்துக்கொள்ளும் பழக்கம் போகவில்லை.

இதில் என்ன கெட்டுப்போகிறது? ஒரு சுகாதார நிலையத்துக்கு சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் மாதம் 6,000 மாத்திரை தேவை என்று வைத்துக்கொள்வோம். மாதத்தில் 10 நாள் ஸ்டாக் இல்லை. அந்த மாதம் 4,000 மாத்திரைதான் போகும். கடந்த ஆண்டு போனதை வைத்து அடுத்த ஆண்டு இண்டென்ட் (கிடங்குக்கான மருந்துக் கோரிக்கை) போட்டால், 4,000-தான் இந்த ஊரின் தேவை என்று ஆகிவிடும். மருந்து இல்லாத நாளில் வந்து, ‘வெளியே வாங்கிக்கோங்க’ என்ற பதிலோடு திரும்பிப்போனவர் எந்தக் கணக்கிலும் வரமாட்டார். தட்டுப்பாடு தன்னைத் தானே அடுத்த ஆண்டுக்கும் நீட்டித்துக்கொள்ளும், ஏடுகள் மட்டும் சுத்தமாக இருக்கும்.

அந்த ஊரில் சர்க்கரை நோய்க்கு எத்தனை பேர் வந்து போனார்கள் என்ற எண்ணிக்கை சுகாதாரத் துறையிடம் இல்லாமல் இல்லை. மாதாந்தர அறிக்கைகளை இணையத்தில் திரட்டும் எச்.எம்.ஐ.எஸ். 2008-இலேயே வந்துவிட்டது. அதையும் கிடங்குக் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், நோயாளிகள் குறையவில்லை, மாத்திரை மட்டும் குறைந்திருக்கிறது என்பது பள்ளிப் பிள்ளைக்கும் புரியும். பக்கத்தில் வைப்பதுதான் நடப்பதில்லை.

தடுப்பூசி சொல்லிக்கொடுத்தது

இந்த இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம்மிடம் உள்ள நல்ல உதாரணம் தடுப்பூசி. 2014-இல் உத்தரப் பிரதேசத்தின் பரேலி, ஷாஜகான்பூர் மாவட்டங்களில் தடுப்பூசி இருப்பைக் கண்காணிக்கும் ஈ-வின் என்ற முறையை முதலில் சோதித்தார்கள். பணம் உலகத் தடுப்பூசிக் கூட்டணியான காவி அமைப்பிடமிருந்து வந்தது, செயல்படுத்தியது ஐ.நா. வளர்ச்சித் திட்டம். தடுப்பூசி வைத்திருக்கும் ஃபிரிட்ஜில் ஒரு வெப்ப உணரி இருக்கும். 2 டிகிரியிலிருந்து 8 டிகிரிக்குள் வெப்பம் நிற்காவிட்டால் பொறுப்பாளரின் போனுக்குத் தகவல் போகும். ஊசி முகாம் முடிந்ததும் எத்தனை குப்பி எடுத்தோம், எத்தனை திரும்பியது, எந்த பேட்ச் என்று அவர் போனிலேயே பதிய வேண்டும். பிறகு இது நாடு முழுக்கப் பரவியது.

தடுப்பூசியில் குப்பியும் குழந்தையும் ஒன்றுக்கு ஒன்று பொருந்துவதில்லை. காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி. குப்பியில் 10 டோஸ் இருக்கும். பொடியைக் கரைத்தபின் 4 மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும், மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். அன்றைக்கு 3 குழந்தைகள்தான் வந்தார்கள் என்றால் 7 டோஸ் போச்சு. அது செவிலியரின் தவறு கிடையாது, சரியான முடிவு. 3 குழந்தைக்காக ஒரு குப்பியைத் திறக்க மாட்டேன் என்று அவர் சொல்லியிருந்தால்தான் தவறு. ஆனால் குப்பிக் கணக்கை மட்டும் பார்ப்பவருக்கு, இது நியாயமான இழப்பா, ஃபிரிட்ஜ் கெட்டதால் வந்த இழப்பா, திருட்டா என்று தெரியாது. குழந்தைகளின் கணக்கும் அதே இடத்தின், அதே நாளின் பெயரில் கிடைத்தால் தெரியும்.

கொரோனா தடுப்பூசிக்காக ஈ-வின் மேல்தான் கோவினைக் கட்டினார்கள். 2021 ஜனவரி 16-இல் ஊசி போடத் தொடங்கியபோது, குப்பியின் கணக்கும் ஆளின் கணக்கும் நாட்டளவில் முதல்முறையாக இவ்வளவு நெருங்கி வந்தன. மே 4-ஆம் தேதி கேரள முதல்வர் ஒரு கணக்குச் சொன்னார். மத்திய அரசிடமிருந்து வந்தது 73,38,806 டோஸ், போட்டது 74,26,164 டோஸ். வந்ததைவிடப் போட்டது அதிகம்! குப்பியில் கூடுதலாக ஊற்றி அனுப்பப்படும் ஒரு டோஸ் அளவையும் செவிலியர்கள் கவனமாக உறிஞ்சி எடுத்துவிட்டார்கள். பிரதமரும் பாராட்டினார். இரண்டு கணக்கும் ஒன்றோடொன்று பேசியதால்தான் அந்தச் செவிலியர்களின் திறமை கண்ணுக்குத் தெரிந்தது. அதே மாதம் ஜார்க்கண்டில் இரண்டும் பேசாமல் போனதால் ஒரு மாநிலத்தின் பெயர் கெட்டது.

ஒரு எச்சரிக்கை. தடுப்பூசியில் முடிந்தது என்பதால் எல்லா மருந்திலும் அப்படியே செய்துவிடலாம் என்று நினைப்பவர்கள் ஏமாறுவார்கள். தடுப்பூசிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். பெரும்பாலும் வாங்குபவர் ஒருவர், போடும் அட்டவணை ஒன்று, ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு பதிவு. ஒரு மாவட்ட மருத்துவமனை மருந்தகத்தில் மாத்திரை, ஊசி, களிம்பு, தையல் நூல், ரத்தப் பரிசோதனை ரசாயனம் என்று நூற்றுக்கணக்கில் இருக்கும். அங்கே சிக்கலின் வடிவமே வேறு.

எந்தப் பட்டியல், யாருடைய பட்டியல்

மென்பொருள்காரர்களிடம் கேட்டால், இரண்டு முறைகளையும் இணைக்க ஓர் ஏ.பி.ஐ. (இரண்டு மென்பொருள்கள் தகவல் பரிமாற உதவும் நிரல்) எழுதினால் போதும் என்பார்கள். எழுதிவிடலாம்தான். மருத்துவத் தகவல் பரிமாற்றத்துக்கு ஃபயர் என்ற தரநிலை இருக்கிறது, இந்தியாவின் டிஜிட்டல் சுகாதார இயக்கமும் அதையே எடுத்துக்கொண்டது. குழாய் தயார். இரண்டு முனையிலும் இருப்பவர்கள் ஒரே பொருளை ஒரே பெயரில் சொல்ல வேண்டுமே, அங்கேதான் மாட்டிக்கொள்கிறது.

முதலில் இடம். ஒரே சுகாதார நிலையம் எச்.எம்.ஐ.எஸ்.ஸில் ஓர் எண்ணிலும், கிடங்கு மென்பொருளில் வேறு எண்ணிலும், தடுப்பூசிக் கணக்கில் வேறொரு எழுத்துக்கூட்டலிலும் இருக்கும். தமிழ்நாட்டில் 2019-இல் வேலூர் மாவட்டம் மூன்றானது. ராணிப்பேட்டைக்கும் திருப்பத்தூருக்கும் போன மருத்துவமனைகளின் மாவட்டப் பெயர் எல்லா மென்பொருளிலும் ஒரே நாளில் மாறிவிடுமா? போதாததற்கு, பொது சுகாதாரத் துறை தன் நிர்வாகத்துக்கு வைத்திருக்கும் சுகாதார மாவட்டங்கள் வருவாய் மாவட்டங்களோடு எல்லா இடத்திலும் ஒத்துப்போவதில்லை. தேசிய அளவில் மருத்துவமனைகளுக்கென ஒரு பதிவேடு தொடங்கப்பட்டது இதைத் தீர்க்கத்தான். மருந்துப் பக்கத்து மென்பொருள்களும் அந்த எண்ணையே எடுத்துக்கொண்டால்தான் அதனால் பயன்.

அடுத்தது பொருள். இது இன்னும் கடினம். மருத்துவர் எழுதுவது மருந்தின் பெயரும் வீரியமும் வடிவமும்: பாராசிட்டமால், 500 மில்லிகிராம், மாத்திரை. டெண்டரில் வருவது ஒரு கம்பெனியின் சரக்கு. கிடங்கு எண்ணுவது பெட்டியை. தரப் பரிசோதனையில் தோற்றால் திரும்பப் பெற வேண்டியது ஒரு குறிப்பிட்ட பேட்ச்சை. ஒரே மாத்திரைக்கு இப்படி நான்கு அடுக்கு அடையாளங்கள் உண்டு, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக வழி இருக்க வேண்டும். எந்தப் பேட்ச் எந்த ஊருக்குப் போனது என்பதை இன்று கிடங்குக் கணக்கு சொல்லிவிடும். அது எந்த நோயாளிக்குப் போனது என்று கேட்டால் பதில் வராது.

அடிப்படை வேலை கொஞ்சம் நடந்திருக்கிறது. புணேயில் உள்ள மின்னணு மருத்துவப் பதிவுத் தரநிலைகளுக்கான தேசிய மையம், ஸ்னோமெட் என்ற உலகளாவிய சொற்றொகுதியை ஒட்டி இந்தியாவுக்கான பொது மருந்துக் குறியீடுகளை வெளியிடுகிறது. 2023 ஆகஸ்ட் 1 முதல் அதிகம் விற்கும் 300 பிராண்டுகளின் அட்டையில் கியூ.ஆர். குறியீடோ பார்கோடோ கட்டாயம், அதில் பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் இருக்க வேண்டும். போலி மருந்தைத் தடுக்க அது உதவும். ஆனால் அது பிராண்டுகளின் பட்டியல், அரசு டெண்டரில் வரும் ஜெனரிக் (பிராண்ட் பெயர் இல்லாத) மாத்திரைகளைப் பெரும்பாலும் தொடாது.

மூன்றாவது அலகு. இதைச் சின்ன விஷயம் என்று ஒதுக்குவார்கள், ஆனால் கணக்கு கவிழ்வது இங்கேதான். கிடங்குக்கு இன்சுலின் என்றால் 10 மில்லி குப்பி. மருத்துவருக்கு அது யூனிட். இந்தியாவில் அரசு மருத்துவமனைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் குப்பியில் ஒரு மில்லிக்கு 40 யூனிட், அப்படியானால் ஒரு குப்பியில் 400. ஒருவருக்கு நாளுக்கு 20 யூனிட் என்றால் குப்பி 20 நாள் வரும். இந்தப் பெருக்கலை யாராவது ஓரிடத்தில் எழுதிவைக்காவிட்டால், நோயாளிக் கணக்கிலிருந்து குப்பிக் கணக்குக்குப் போக முடியாது. மாத்திரையா, அட்டையா, பெட்டியா என்ற குழப்பத்தில் இருப்பு நூறு மடங்காகத் தெரிவதற்கும் ஒரே ஒரு தப்பான பெருக்கல் போதும்.

உலக அளவில் இதற்கென ஒரு வரைபடம் உண்டு. ருவாண்டா போன்ற நாடுகளில் கிடைத்த அனுபவத்திலிருந்து வளர்ந்த, மருத்துவத் தகவல் முறைகளை இணைப்பதற்கான ஓப்பன் எச்.ஐ.இ. கட்டமைப்பில், நோயாளிப் பதிவேடு, பணியாளர் பதிவேடு, மருத்துவமனைப் பதிவேடு ஆகியவற்றோடு மருந்து விநியோகத் தகவல் முறைக்கும் பொருள் பட்டியலுக்கும் அதே வரிசையில் இடம் கொடுத்திருக்கிறார்கள். இந்தியாவில் வரிசை வேறாகிவிட்டது. 2021 செப்டம்பரில் நாடு தழுவித் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கத்தில் குடிமகனுக்கான சுகாதார எண், மருத்துவப் பணியாளர் பதிவேடு, மருத்துவமனைப் பதிவேடு ஆகியவை முதலில் வந்தன. மருந்துப் பதிவேடு அந்த முதல் வரிசையில் இல்லை. கோடிக்கணக்கில் அட்டை கொடுத்தோம் என்று மேடையில் சொல்லலாம். மருந்துப் பெயர்களை ஒழுங்குபடுத்தினோம் என்றால் யார் கைதட்டுவார்கள்? ஆனால் நோயாளியின் மின்னணுப் பதிவேட்டில் ரத்த அழுத்த மாத்திரையான ‘அம்லோடிபின்’ என்று ஏறுவதும், கிடங்கில் ‘அம்லோடிபின்’ தீர்ந்துபோவதும் ஒரே பொருளைப் பற்றிய செய்திகள் என்று கணினிக்குத் தெரிய அந்தப் பட்டியல் இல்லாமல் வழியில்லை. என்னைக் கேட்டால் அதைத்தான் முதலில் செய்திருக்க வேண்டும்.

பெயர்ப் பட்டியலிலிருந்து தேவைக் கணக்கு

நாள்பட்ட நோய்களில் இந்த இணைப்பு அதிகப் பலன் தரும். காய்ச்சலுக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர் அடுத்த மாதமும் எடுப்பார். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், ரத்த அழுத்தமும் சர்க்கரை நோயும் உள்ளவர்களுக்கு வீட்டுக்கே மாத்திரை போகிறது. யாருக்கு, என்ன மாத்திரை என்ற பெயர்ப் பட்டியல் இல்லாமல் இதைச் செய்ய முடியாது. அந்தப் பட்டியலையே கூட்டிப் பார்த்தால் அடுத்த காலாண்டுக்கு அந்த வட்டாரத்துக்கு எவ்வளவு தேவை என்பது கிடைத்துவிடும். போன வருடம் எவ்வளவு போனது என்று பார்க்கத் தேவையே இருக்காது.

இந்திய ரத்த அழுத்தக் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் சில மாநிலங்கள் பயன்படுத்தும் சிம்பிள் செயலி இதில் ஒரு படி முன்னே போயிருக்கிறது. மாதக் கடைசியில் இருப்பில் உள்ள மாத்திரைகளைப் பதிவுபெற்ற நோயாளிகளின் எண்ணிக்கையோடு சேர்த்துக் கணக்கிட்டு, இது இத்தனை நோயாளி-நாளுக்கு வரும் என்று காட்டும். ‘12,000 மாத்திரை இருக்கிறது’ என்பதை வைத்து ஒரு வட்டார மருத்துவ அலுவலர் என்ன செய்வார்? ‘18 நாளுக்குத்தான் வரும்’ என்றால் போனை எடுப்பார்.

காசநோயில் கணக்கு இன்னும் துல்லியமாக வர வேண்டும். முதல் 2 மாதம் நான்கு மருந்துகள் சேர்ந்த மாத்திரை, அடுத்த 4 மாதம் மூன்று மருந்துகள் சேர்ந்தது, எடைக்கேற்ப எண்ணிக்கை. நோயாளிகளுக்கு நிக்‌ஷய், மருந்துக்கு நிக்‌ஷய் ஔஷதி என்று இரண்டு தளங்களும் இருக்கின்றன. அப்படி இருந்தும் 2024 மார்ச்சில் மாநிலங்கள் காசநோய் மருந்தை உள்ளூரிலேயே வாங்கிக்கொள்ளுமாறு மத்திய அரசு கடிதம் எழுத வேண்டி வந்தது. எவ்வளவு வேண்டும் என்று தெரிவது வேறு, டெண்டர் நேரத்தில் முடிவதும் கம்பெனி சரக்கு அனுப்புவதும் வேறு. தகவல் கட்டமைப்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஒரு மாத்திரையைக்கூட அது உற்பத்தி செய்யாது. தட்டுப்பாடு வரப்போகிறது என்பதைச் சில மாதங்கள் முன்னதாகச் சொல்லும், அதற்குமேல் மனிதர்கள்தான் நகர வேண்டும்.

கீழே பதிவு செய்பவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு சுகாதார நிலையத்தில் ஓ.பி. நேரம் முடியும் வரை மருந்தாளுநர் ஜன்னலை விட்டு நகர முடியாது. அதற்குப் பிறகு ஸ்டாக் ரிஜிஸ்டர், மருந்து மென்பொருள், திட்டத்துக்கு ஒரு செயலி, மாத அறிக்கை. ஒரே எண்ணைப் பல இடங்களில் ஏற்றச் சொன்னால், கடைசியில் மதிய நேரத்துத் தோராயம்தான் தேசியப் புள்ளிவிவரம் ஆகும். மருந்து கொடுக்கும் அந்த ஒரு பதிவே இருப்பிலும் கழிந்து, நோயாளியின் பதிவேட்டிலும் ஏறினால் அவருக்கு வேலை குறையும். அப்போதுதான் அவர் ஒழுங்காகப் பதிவார்.

பதிபவருக்கு ஏதாவது திரும்பிக் கிடைக்க வேண்டும் என்பதை டான்சானியா 2009-இலேயே காட்டியது. மூன்று மாவட்டங்களில் 129 சுகாதார நிலையங்கள், வாரம் ஒருமுறை மலேரியா மருந்து இருப்பை எஸ்.எம்.எஸ்.ஸில் அனுப்பின. பதில் அனுப்பியவரின் போனுக்குச் சிறிது ரீசார்ஜ். தகவலைப் பார்த்த மாவட்ட அலுவலர்கள் மருந்தை இடம் மாற்றி அனுப்பினார்கள். மலேரியா மருந்துகளில் ஒன்றாவது தீர்ந்துபோயிருந்த நிலையங்கள் 21 வாரங்களில் 78 விழுக்காட்டிலிருந்து 26-க்கு இறங்கின. சாதாரண போன்தான், ஆனால் அனுப்பினால் மருந்து வந்தது.

இணைக்கும்போது அந்தரங்கம் என்ன ஆகும் என்ற கேள்வி நியாயமானது. எச்.ஐ.வி., மனநல மருந்துகளில் இது விளையாட்டில்லை. கிடங்குக்கு எண்ணிக்கை மட்டும் போதும், பெயர் வேண்டாம். நோயாளிப் பதிவேட்டிலிருந்து மருந்து, இடம், அளவு மட்டும் கூட்டுத்தொகையாக வெளியே போனால் விநியோக வேலை முழுதும் நடக்கும். பேட்ச்சைத் திரும்பப் பெற வேண்டிய நாளில் மட்டும், அந்த மருத்துவமனைக்குள்ளேயே பெயரைத் தேடினால் போதும்.

பாக்கி இருப்பது பொறுப்பு யாருடையது என்பது. மருந்துப் பட்டியலை வைத்திருக்க வேண்டியது மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையா, கொள்முதல் கழகமா, டிஜிட்டல் இயக்கத்தை நடத்தும் தேசிய சுகாதார ஆணையமா? ஒவ்வொன்றிடமும் பாதிப் பட்டியல் இருக்கிறது. அடுத்த டெண்டரில் கம்பெனி மாறும், 10 மாத்திரை அட்டை 15 ஆக வரும், ஒரு வீரியம் நின்றுபோய் இன்னொன்று வரும். ஒருமுறை தயாரித்து வெளியிட்டுவிட்டு மறந்துவிடக்கூடிய பட்டியல் இல்லை இது. வாரா வாரம் உட்கார்ந்து திருத்த மருந்தியல் படித்த நாலைந்து பேர் வேண்டும், அவர்கள் திருத்தியதை எல்லா மென்பொருளும் ஏற்க வேண்டும் என்ற ஆணையும் வேண்டும். செயலி எழுதும் டெண்டர்களில் இந்தச் சம்பளத்துக்கு இதுவரை பெரும்பாலும் இடம் இருப்பதில்லை.